மாணவர்களுக்குச் சட்டமும் நீதியும்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உயர்நிலை, மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகச் சட்டமும் நீதிமன்ற நடைமுறையும் சொல்லிக் கொடுத்து வருகிறேன். இந்தப் பாடத்தைப் புதிதாகக் கையிலெடுக்கும் ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

நான் சட்டம் படித்தவர் இல்லை. இந்தப் பாடத்தை எடுக்கலாமா?

எடுக்கலாம். நானும் சட்டக் கல்லூரிக்குப் போனதில்லை. ஒரு பிரிவு எண் தெரியாவிட்டால் "பார்த்துவிட்டு நாளை சொல்கிறேன்" என்று சொல்லிவிடலாம்; அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் வகுப்பில் ஒருவரின் பணப்பை காணாமல் போன அன்று நீங்கள் யாரை முதலில் எழுப்பி நிறுத்துகிறீர்கள், யார் பேச்சைக் கேட்காமல் விடுகிறீர்கள் என்பதை நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கண்ணில் முதல் நீதிமன்றம் அதுதான். பாடத்தில் சொல்வதும் அன்று செய்வதும் ஒத்துப்போக வேண்டும்.

எந்த வயதில் தொடங்கலாம்?

பதின்மூன்று, பதினான்கு வயதில் தாராளமாகத் தொடங்கலாம். "இது நியாயமா?" என்று கேட்க அதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். அந்தக் கேள்விக்குக் காரணம் காட்டிப் பதில் சொல்லும் பழக்கத்தை மட்டும் நாம் சேர்த்தால் போதும்.

சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்யச் சொல்லலாமா?

வேண்டாம். பிரிவுகள் நாட்டுக்கு நாடு வேறு. ஒரே நாட்டிலும் மாறிக்கொண்டே இருக்கும். எந்தச் சட்டத்தைப் பார்த்தாலும் கேட்கக்கூடிய சில கேள்விகள் உண்டு. முடிவெடுப்பவர் யார்? அவருக்கு இதில் சொந்த ஆதாயம் ஏதாவது இருக்கிறதா? பாதிக்கப்படப் போகிறவரிடம் கேட்டார்களா? எந்த ஆதாரத்தை வைத்து முடிவெடுத்தார்கள்? முடிவு தவறானால் யாரிடம் முறையிடலாம்? இவற்றைக் கேட்கக் கற்றுக்கொண்ட மாணவன், நாளை எந்தச் சட்டம் வந்தாலும் அதைப் படித்துப் புரிந்துகொள்வான்.

முதல் வகுப்பை எப்படித் தொடங்குவது?

நான் எப்போதும் சிலம்பு வழக்கில்தான் தொடங்குவேன். சிலப்பதிகாரக் கதை மாணவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது பெரிய வசதி. அரசியின் சிலம்பு காணவில்லை. அதைத் திருடிய பொற்கொல்லனிடமே கோவலன் தன் மனைவியின் சிலம்பை விலைபேசக் கொண்டுவருகிறான். பொற்கொல்லன் ஓடிப்போய் "திருடன் அகப்பட்டான்" என்கிறான். ஊடலில் இருக்கும் அரசியைச் சமாதானப்படுத்தப் போய்க்கொண்டிருந்த பாண்டியன், நடந்தபடியே கட்டளையிடுகிறான். கோவலன் வெட்டுப்படுகிறான். பிறகு கண்ணகி வந்து சிலம்பை உடைக்கிறாள். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள்; இதிலிருந்து தெறித்தது மாணிக்கம்.

இதைச் சொல்லிவிட்டுக் கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வியை எழுதுவேன்: "கட்டளையிடும் முன் அரசன் என்னென்ன செய்திருக்க வேண்டும்?" பிறகு நான் பேசுவதில்லை. பதில்கள் தாமாக வரும். கோவலனிடம் கேட்டிருக்க வேண்டும். இன்னொரு சிலம்பு யாரிடம் இருக்கிறது என்று விசாரித்திருக்க வேண்டும். சிலம்பைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். புகார் சொல்பவனுக்கு இதில் என்ன லாபம் என்று யோசித்திருக்க வேண்டும். வீட்டு விஷயம் மனத்தில் இருக்கும்போது தீர்ப்புச் சொல்லியிருக்கக் கூடாது. வெட்டிவிட்டால் திருத்த முடியாது, அதனால் பொறுத்திருக்க வேண்டும்.

அவர்கள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சட்டத்தில் அதற்குள்ள பெயரை எழுதுவேன்: மறுதரப்பைக் கேட்டல், சாட்சியத்தைச் சோதித்தல், சாட்சியின் நம்பகத்தன்மை, நடுநிலை, மேல்முறையீடு. ஒரு முறை பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "சார், கண்ணகி நிரூபிச்சது சரி. ஆனா நிரூபிக்க வேண்டிய வேலை அவளோடதா, ராஜாவோடதா?" என்று கேட்டாள். அன்று முழு நேரமும் அந்த ஒரு கேள்வியிலேயே போனது. நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டுபவருடையது என்ற விதியை அந்த வகுப்புக்கு நான் அதற்குப் பிறகு சொல்ல வேண்டியே வரவில்லை.

"குற்றம் செய்தவனுக்காக வக்கீல் ஏன் வாதாடுகிறார்?" மாணவர்கள் கேட்டால் என்ன சொல்வது?

இது வராத வகுப்பே கிடையாது. "அது அவர் தொழில்" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். செய்தானா இல்லையா என்று தெரியாததால்தான் விசாரணையே நடக்கிறது. இதை வெறுமனே சொன்னால் மாணவர்கள் தலையாட்டுவார்கள், நம்ப மாட்டார்கள். அதனால் கிடியன் வழக்கைச் சொல்லுங்கள்.

1961இல் அமெரிக்காவின் புளோரிடாவில், ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்துத் திருடியதாக கிளாரன்ஸ் கிடியன் என்ற ஏழை கைது செய்யப்பட்டார். வக்கீல் வைக்கப் பணம் இல்லை. நீதிமன்றமே ஒருவரைத் தர வேண்டும் என்று கேட்டார். மரண தண்டனை வழக்குகளுக்கு மட்டும்தான் தர முடியும் என்று நீதிபதி மறுத்தார். கிடியன் தானே வாதாடித் தோற்றார். 5 ஆண்டு சிறை. சிறைக்குள்ளிருந்து பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். 1963இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள்: கடுமையான குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

மாணவர்களை நிமிர வைப்பது அதற்குப் பிறகு நடந்தது. அதே ஆண்டு வழக்கு மறுபடி விசாரிக்கப்பட்டது. அதே குற்றச்சாட்டு, அதே முக்கிய சாட்சி. இந்த முறை அந்தச் சாட்சியை ஒரு வக்கீல் குறுக்கு விசாரணை செய்தார். பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட நடுவர் குழு (ஜூரி) சுமார் ஒரு மணி நேரத்தில் கிடியனை விடுவித்தது. "இரண்டு விசாரணைக்கும் நடுவில் என்ன மாறியது?" என்று கேளுங்கள். வக்கீல் எதற்கு என்ற கேள்விக்கு அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள்.

ஒருவர் செய்தார் என்பது வக்கீலுக்கே தெரிந்தால்? அதையும் மறைக்காமல் பேசுங்கள். வக்கீல் பொய்ச் சாட்சியைக் கொண்டுவரக் கூடாது. ஆனால் அரசு தன் வழக்கை முறையாக நிரூபிக்க வேண்டும் என்று வற்புறுத்தலாம், தண்டனை குற்றத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும் என்று வாதாடலாம்.

சிவில் வழக்கு, கிரிமினல் வழக்கு: சுருக்கமாக எப்படி விளக்குவது?

கிரிமினல் வழக்கில் அரசு குற்றம் சாட்டுகிறது, முடிவில் தண்டனை. சிவில் வழக்கில் ஒருவர் இன்னொருவர்மீது வழக்குப் போடுகிறார். முடிவில் இழப்பீடு, உரிமை, தடை உத்தரவு போன்றவை. ஒரே சம்பவம் இரண்டு வழக்காகவும் வரலாம். அமெரிக்காவின் முன்னாள் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சன், தன் முன்னாள் மனைவியையும் அவருடைய நண்பரையும் கொன்றதாகத் தொடரப்பட்ட கிரிமினல் வழக்கில் 1995இல் விடுதலையானார். அதே மரணங்களுக்காக 1997இல் சிவில் வழக்கில் பொறுப்பாளி என்று தீர்ப்பாகி இழப்பீடு தர உத்தரவானது. மாணவர்களுக்கு இது முரண்பாடாகத் தெரியும். கிரிமினல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். அங்குள்ள சிவில் வழக்கில் எந்தப் பக்கம் உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் போதும். சிறைக்கு அனுப்புவதற்கு ஏன் அவ்வளவு உயர்ந்த அளவுகோல் என்று விவாதிக்க விடுங்கள்.

மாதிரி நீதிமன்றம் நடத்த ஆசை. எங்கே தொடங்குவது?

முதலில் வழக்கைச் சிறியதாக வையுங்கள். கொலை வழக்கு வேண்டாம். எல்லோரும் நடிக்கத் தொடங்கிவிடுவார்கள். நான் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வழக்கு இதுதான்: அறிவியல் கண்காட்சிக்கு முந்தைய நாள் மாலை, ஒரு மாணவி செய்த மாதிரி உடைந்து கிடக்கிறது. போட்டியில் அவளுக்கு அடுத்த இடத்தில் இருந்த மாணவன் அந்த அறையிலிருந்து வெளியே வந்ததைக் காவலாளி பார்த்ததாகச் சொல்கிறார். அறையின் ஜன்னல் திறந்திருந்தது என்று துப்புரவுப் பணியாளர் சொல்கிறார்.

தரப்புக்கு இரண்டு சாட்சி, சாட்சிக்கு ஒரு பக்க வாக்குமூலம், ஓர் அறை வரைபடம். அவ்வளவுதான் வழக்குக் கட்டு. வாக்குமூலத்தில் இல்லாத புதிய விஷயத்தைச் சாட்சி கூண்டில் ஏறியதும் கற்பனையாகச் சேர்க்கக் கூடாது. இந்த ஒரு விதியைக் கண்டிப்பாக வையுங்கள், இல்லாவிட்டால் விசாரணை நாடகமாகிவிடும். வாக்குமூலங்களில் வேண்டுமென்றே ஓட்டைகளை விட்டு வையுங்கள். நேரம் ஒன்றுக்கொன்று சற்றே முரணாக இருக்கட்டும். தெளிவான விடை உள்ள வழக்கில் மாணவர்கள் கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

பெரிய வகுப்பில் எல்லோருக்கும் வேலை வேண்டுமே என்று கவலைப்பட வேண்டாம். தரப்புக்கு நான்கு வக்கீல்கள், இரு தரப்புக்கும் சேர்த்து நான்கு சாட்சிகள், மூன்று நீதிபதிகள், ஒரு நேரக் காப்பாளர், நடப்பதை எழுதும் இருவர். மீதிப் பேர் நடுவர் குழு. உங்கள் நாட்டில் நடுவர் குழு முறை இல்லையென்றாலும் வகுப்பறைக்கு அது நல்லது, ஏனென்றால் பேசாமல் உட்கார்ந்திருப்பவர்களும் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

கடினமானது குறுக்கு விசாரணை. அதற்குத் தனியாக ஒரு வகுப்பு ஒதுக்குங்கள். ஒரு முறை எதிர்த்தரப்பு வக்கீலாக இருந்த மாணவி காவலாளியை வரிசையாகக் கேட்டாள். தாழ்வாரத்து விளக்கு எரியவில்லையா? எரியவில்லை. நீங்கள் நின்ற இடத்துக்கும் அறைக்கும் முப்பது அடி இருக்குமா? இருக்கும். முகத்தைப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை. அங்கேயே அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். வெற்றி கைக்கு வந்துவிட்ட உற்சாகத்தில், "அப்புறம் எப்படி அவன்தான்னு சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டாள். காவலாளியாக இருந்த பையன் அமைதியாக, "அவன் வலது கால ஊனி ஊனி நடப்பான். மூணு வருஷமா தினமும் பார்க்கிறேன்" என்றான். அது வாக்குமூலத்திலேயே இருந்தது. அவள் கடைசிப் பத்தியைப் படிக்கவில்லை. வகுப்பு முழுவதும் ஒரு நொடி மூச்சை நிறுத்தியது. அதற்குப் பிறகு ஆவணத்தைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும் என்று நான் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முடிந்ததும் தரப்புகளை மாற்றி அதே வழக்கை இன்னொரு முறை நடத்துங்கள். நேரம் போகிறதே என்று இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நேற்று "அவன்தான் செய்தான்" என்று முழங்கிய வாய் இன்று "சந்தேகத்தின் பலனைத் தாருங்கள்" என்று கேட்கும்போது ஒரு மாணவனுக்குள் ஏதோ அசைகிறது. அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

இன்னொரு வகை உண்டு. சாட்சியே இல்லாமல், சட்டத்துக்கு எப்படிப் பொருள் கொள்வது என்று மட்டும் வாதாடுவது. மேல்முறையீட்டு நீதிமன்றம் மாதிரி. மேல்நிலை மாணவர்களுக்கு அதைப் பிறகு தரலாம்.

நேரில் பார்த்த சாட்சியைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும் என்கிறார்கள்?

சொல்லிப் புரிய வைக்க முடியாது, செய்து காட்டுங்கள். முன்கூட்டியே பேசி வைத்து, வகுப்பின் நடுவில் ஒரு சக ஆசிரியர் உள்ளே வந்து மேசையிலிருந்து ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு போகட்டும். சத்தம், மிரட்டல், தள்ளுமுள்ளு எதுவும் வேண்டாம். பயமுறுத்தும் காட்சி சில பிள்ளைகளை உண்மையாகவே காயப்படுத்தும். இருபது நிமிடம் கழித்து இரண்டு வகைக் கேள்வித்தாள் கொடுங்கள். பாதிப் பேருக்கு, "அவர் கண்ணாடி அணிந்திருந்தாரா?" மீதிப் பேருக்கு, "அவர் அணிந்திருந்த கண்ணாடியின் நிறம் என்ன?"

எங்கள் வகுப்புக்கு வந்த ஆசிரியர் கண்ணாடியே அணியாதவர். ஒரு மாணவன் "கறுப்பு, தடித்த பிரேம்" என்று எழுதியிருந்தான். அவரை மறுபடி உள்ளே அழைத்தபோது அவன் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் முகம் இல்லை அது. கண்ணாடியை உண்மையிலேயே பார்த்ததாக நம்பியிருந்தவன் முகம். அந்த இடத்தில், பொய் சொல்வதும் தவறாக நினைவிருப்பதும் வேறு வேறு என்பதை நிதானமாகப் பேச வேண்டும். அவனை யாரும் கேலி செய்யவும் விடக் கூடாது.

1974இல் எலிசபெத் லாப்டஸ், ஜான் பால்மர் என்ற உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டுச் சிலரிடம் கார்கள் "இடித்தபோது" என்ன வேகம் என்று கேட்டார்கள். சிலரிடம் "நொறுங்க மோதியபோது" என்ன வேகம் என்று கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்வி. படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. "இடித்த" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேரும், "நொறுங்க மோதிய" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். விடையைத் தானே ஊட்டிவிடும் கேள்வியைத் தன் பக்கத்துச் சாட்சியிடம் கேட்கக் கூடாது என்று பல நாடுகளின் சட்டங்கள் சொல்வது ஏன் என்று இதற்குப் பிறகு விளங்கும்.

சிறார் செய்த குற்றத்துக்கு ஏன் தனிச் சட்டம்?

தங்கள் வயது என்பதால் மாணவர்கள் இதில் மிகவும் ஆர்வமாக இருப்பார்கள். பெரும்பாலும் கடுமையான தண்டனை கேட்பார்கள். 1989 நவம்பர் 20 அன்று ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 40ஆம் பிரிவைப் படிக்கக் கொடுங்கள். சமூகத்துக்குத் திரும்பி வந்து பயனுள்ளவராக வாழ வைப்பதே அதன் நோக்கம்.

ஆனால் "சிறார்மீது பரிவு" என்பதே ஆபத்தாகவும் முடியலாம். ஜெரால்ட் கால்ட் வழக்கு அதைத்தான் காட்டுகிறது. 1964இல் அமெரிக்காவின் அரிசோனாவில் 15 வயதுப் பையன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசியதாகப் புகார். பிடித்துப் போனதைப் பெற்றோருக்கே சொல்லவில்லை. புகார் சொன்னவர் நீதிபதி முன் வரவேயில்லை. வக்கீல் இல்லை, நடந்ததற்குப் பதிவும் இல்லை. 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளியில் வைக்க உத்தரவு. அதே குற்றத்தை வயது வந்தவர் செய்திருந்தால் அதிகபட்சம் 50 டாலர் அபராதம் அல்லது 2 மாதச் சிறை. பிள்ளையின் நன்மைக்காகவே செய்கிறோம், அதனால் முறையான விசாரணை தேவையில்லை என்பது வாதம். 1967இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஏப் போர்ட்டஸ், சில ஆண்டுகளுக்கு முன் உச்ச நீதிமன்றத்தில் கிடியனுக்காக வாதாடிய அதே வக்கீல். மாணவர்கள் இந்தத் தொடர்பைக் கேட்டதும் ஆச்சரியப்படுவார்கள். அவரே 1969இல் நெறிமுறைச் சர்ச்சை ஒன்றில் பதவி விலகினார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

"போலீஸ் நிறுத்தினால் நான் என்ன செய்யணும்?"

விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறும். இதை மட்டும் உள்ளூர் வழக்கறிஞரைக் கூப்பிட்டுப் பேச வையுங்கள். எங்கும் பொருந்துபவை சில: ஓடாதே, கை ஓங்காதே, மரியாதையாகப் பேசு. எதற்காக நிறுத்தினார்கள் என்று கேள். பெற்றோருக்கோ வக்கீலுக்கோ தகவல் சொல்லச் சொல். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே.

வகுப்பில் ஒரு பிள்ளையின் அப்பா சிறையில் இருக்கலாம். ஒரு பிள்ளையே பாதிக்கப்பட்டவராக இருக்கலாம். என்ன செய்வது?

இருப்பார்கள் என்றே வைத்துக்கொண்டு பாடத்தைத் தயாரியுங்கள். "உங்கள் வீட்டில் யாராவது நீதிமன்றம் போயிருக்கிறார்களா?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அடுத்த வாரம் என்ன பேசப் போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். நேரக் காப்பாளர், எழுத்தர் போன்ற ஒதுங்கிய வேலையைக் காரணம் சொல்லாமலே கேட்டு வாங்கிக்கொள்ள வழி இருக்கட்டும். "குற்றவாளிகள் எல்லாம் இப்படித்தான்" என்று யாராவது பேசினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்; அதைக் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்திருக்கும் ஒரு பிள்ளை உங்களுக்குத் தெரியாமலே இருக்கலாம்.

வகுப்பு முடிந்து ஒரு பிள்ளை வந்து தனக்கு நடந்ததைச் சொல்லத் தொடங்கினால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது. கேளுங்கள், அவள் சொன்ன சொற்களிலேயே எழுதி வையுங்கள். துருவிக் கேட்காதீர்கள். "அவர் உன்னை இப்படிச் செய்தாரா?" என்று நீங்கள் எடுத்துக் கொடுக்கும் ஒரு சொல், பிறகு நீதிமன்றத்தில் அவளுக்கு எதிராகவே திரும்பக்கூடும். யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதைப் பாடம் தொடங்கும் முன்பே தெரிந்து வைத்திருங்கள்.

நடந்துகொண்டிருக்கும் வழக்குகளைப் பேசலாமா?

நான் தவிர்க்கிறேன். முடிந்த வழக்குகள் ஏராளமாக இருக்கின்றன. பெரும்பான்மைத் தீர்ப்பையும் மாறுபட்ட தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் படிக்கக் கொடுங்கள். படித்த, நேர்மையான இருவர் ஒரே ஆவணங்களைப் பார்த்து வேறு வேறு முடிவுக்கு வரலாம் என்று அவர்கள் பார்க்கட்டும்.

வழக்கறிஞரை வகுப்புக்கு அழைக்கலாமா? நீதிமன்றத்துக்கு அழைத்துப் போகலாமா?

இரண்டும் செய்யலாம். 1972இல் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளிகளுக்குப் போய் அன்றாடச் சட்டம் கற்பிக்கத் தொடங்கினார்கள். அந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது. சட்டக் கல்லூரி பக்கத்தில் இருந்தால் நீங்களும் கேட்டுப் பாருங்கள். விருந்தினரிடம் உரை கேட்காதீர்கள். ஒரு சிறு வழக்கைக் கொடுத்து, அதில் மாணவர்களோடு சேர்ந்து வேலை செய்யச் சொல்லுங்கள்.

நீதிமன்றத்துக்குப் போகும் முன், அங்கே உரத்த வாதம் எதுவும் நடக்காமல் போகலாம், வாய்தா கொடுத்து அனுப்பிவிடக்கூடும் என்று சொல்லி வையுங்கள். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் ஒரு மாணவி, "உள்ளே என்ன பேசினாங்கன்னு அந்த அம்மாவுக்குப் புரியவே இல்லை சார், வெளியே வந்து இன்னொருத்தர்கிட்ட தனக்கு என்ன ஆச்சுன்னு கேட்டாங்க" என்று எழுதியிருந்தாள். சட்டமொழி, சட்ட உதவி, தாமதம் மூன்றையும் நாங்கள் அந்த ஒரு வரியிலிருந்தே பேசினோம்.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

யார் ஜெயித்தார் என்பதற்கு மதிப்பெண் வேண்டாம். மாதிரி நீதிமன்றம் முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு பக்கத் தீர்ப்பு எழுதட்டும். ஒரே நிபந்தனை: தோற்ற தரப்பை மனத்தில் வைத்து எழுத வேண்டும். அவர்களுடைய வலுவான வாதம் எது என்று முதலில் சொல்ல வேண்டும். பிறகு அதை ஏன் ஏற்க முடியவில்லை என்று காரணம் காட்ட வேண்டும். அந்தப் பக்கத்தைத் தோற்ற தரப்பில் இருந்த மாணவரிடமே கொடுத்து, "உன் வாதத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறாளா?" என்று கேளுங்கள். பாதி மதிப்பெண் அந்தப் பதிலுக்கு, மீதி காரணங்களுக்கு.

ஒரே ஒரு வகுப்பு நேரம்தான் கிடைக்கும் என்றால்?

சிலம்பு வழக்கை எடுங்கள். கதைக்குப் பத்து நிமிடம், கரும்பலகைக்கு இருபது. மீதி நேரத்தில் ஒரு மாணவன் கோவலனாக எழுந்து, அரசன் கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பான் என்று பேசட்டும்.